உருகிக் காக்கும் கம்பி

'உருகி' என்னும் சொல்லை நெடுங்காலம் வினையெச்சமாகவே அறிந்திருந்தவன் யான். உள்ளம் உருகி, கண்ணீர் பெருகி என்று பத்திப் பாடல்களுக்கு உரை கூறுமிடத்து அச்சொல் நாள்தோறும் நாவில் வந்து நிற்கும். அடுத்த வகுப்பறையில் பௌதிகம் கற்பிக்கும் நண்பரோ அதனைப் பெயர்ச்சொல்லாக வழங்குவார். மின்சுற்றில் அளவு மிஞ்சிய மின்னோட்டம் பாயுங்கால், தான் உருகி அறுந்து, ஏனையவற்றை எரியாமற் காக்கும் மெல்லிய கம்பிக்கு நம் நாட்டுப் பாடநூல்கள் இட்ட பெயர் 'உருகி' என்பது. தெருவில் நாம் அதனைப் 'பியூஸ்' என்கிறோம்.

உருகு என்னும் பகுதி, வினைமுதற்பொருள் தரும் இகர விகுதி பெற்று, உருகுவது என்ற பொருளில் 'உருகி' ஆயிற்று. இவ்வாறே மின்னைக் கடத்துவது கடத்தி. அது வெளியே பாயாமற் காவல் செய்வது காவலி. வேண்டும்போது விடுத்து வேண்டாதபோது தடுத்து ஆள்வது ஆளி. நெருப்புக்கு முன்னோர் வைத்த 'சேர்ந்தாரைக்கொல்லி' என்ற பெயரின் ஈற்றிலும் நிற்பது இந்த இகரமே. இலக்கண வகுப்பில் ஒரு வரிசையாக எழுதிக் காட்டத்தக்க இவ்வைந்து சொற்களும், தெருவில் ஓடும் ஒரு முச்சக்கர வண்டியினுள்ளே எவ்வாறு உறவும் பகையும் பூண்டு நிற்கின்றன என்பதை, என் அவசரத்தால் ஒரு மாணாக்கனுக்கு நேர்ந்த இழப்பின் பின்னரே யான் கற்றேன். கற்றதைப் பிறர்க்குச் சொல்லாமல் வைத்திருப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆதலின் இதனை எழுதுகின்றேன்.

விழாவுக்கு முன்னாள்

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் நண்பர் சிலர் கூடி ஓர் இலக்கிய விழா எடுத்தோம். விழாவுக்கு முன்னாள், உரிய அனுமதி பெற்று, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒலிபெருக்கியில் அறிவித்துச் செல்வது என்று முடிவாயிற்று. என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற இளைஞன் ஒருவன் அப்போது முச்சக்கர வண்டி ஓட்டி வந்தான். வண்டி தவணைக் கடனில் எடுத்தது. தாயும் இரு தங்கையரும் அவ்வண்டியின் சக்கரங்களை நம்பியிருந்தனர். கேட்டதும் மறுக்காமல் இசைந்தான். வண்டியின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள், உள்ளே அவற்றுக்குரிய பெருக்கிக் கருவி, முகப்பைச் சுற்றி நிறமூட்டிய சிறு மின்குமிழ்களின் மாலை ஆகியவற்றைத் தன் வீட்டருகே இருந்த ஒரு தொழிலிடத்திற் பொருத்துவித்தான்.

மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, பியூஸ் இரண்டு தரம் எரிந்து போயிற்று. கம்பியில் ஏதோ பிழை இருக்கவேண்டும். நாளைக்குக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார் பாஸ்" என்றான்.

"நாளைக்கு விழாவல்லவா, தம்பி? எப்படியாவது இன்றைக்கே ஒழுங்குபடுத்திக்கொண்டு வாரும்" என்றேன் யான்.

ஆசிரியர் சொல் கட்டளையாயிற்று. 'எப்படியாவது' என்ற ஒரு சொல்லுக்குத் தொழிலிடத்தில் ஒரு பொருளுண்டு. உருகி இருக்கவேண்டிய இடத்தில் செப்பிழைகள் சிலவற்றை முறுக்கிச் செருகிவிட்டனர். அதன் பின் எதுவும் அறுந்துபோகவில்லை. விளக்குகள் எரிந்தன, ஒலிபெருக்கி முழங்கிற்று. துண்டுப் பிரசுரக் கட்டோடு பின்னிருக்கையில் அமர்ந்து, காலி வீதி நெடுக யானே அறிவித்துக்கொண்டு சென்றேன்.

கொச்சிக்கடையைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குள் நுழையும் வேளையில் இறப்பர் கருகும் மணம் வந்தது. தெருவோரத்தில் யாரோ குப்பை எரிக்கின்றனர் என்றெண்ணி வாசித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த கணம் முதுகுப் புறத்திலிருந்து புகை எழுந்தது. அவன் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, என் கையைப் பற்றி வெளியே இழுத்தான். திறப்பைத் திருப்பி நிறுத்தியும் புகை நிற்கவில்லை. எங்ஙனம் நிற்கும்? புதிய கருவிகளைப் பூட்டியிருந்த கம்பி, திறப்பின் ஆட்சிக்கு உட்படாமல், பற்றரியிலிருந்து நேரே வருவதாயிற்றே! பின்னிருக்கையிலும் கூரைச் சீலையிலும் தீப் பற்றியது. அயற்கடைக்காரர் ஒருவர் குறட்டோடு ஓடிவந்து பற்றரியின் கம்பியைத் துண்டித்தார். மற்றொருவர் மணலை வாரி இறைத்தார். எரிபொருட்டாங்கியை நெருப்பு அணுகுமுன் அது அடங்கிற்று. இருவருக்கும் உடலிற் காயமில்லை. ஆனால் இருக்கை, கூரை, கம்பித்தொகுதி யாவும் பாழாயின. மூன்று வாரம் வண்டி ஓடவில்லை. அம்மாதத் தவணையும் தவறிற்று.

மறுநாள் விழா இனிதே நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினர். அதனைத் தோளிற் சுமந்து நின்ற அரை மணி நேரம் போல் எனக்கு நாணந் தந்த பொழுது பிறிதில்லை.

பன்னிரண்டு வோல்ற்று

எரிந்த வண்டியைக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் ஒப்புவித்தோம். வாகன மின்வேலையில் ஐம்பது ஆண்டுப் பழக்கமுடையவர். கொழும்பு வீதிகளில் மொரிஸ் மைனர் வாடகைக் கார்கள் ஓடிய நாளில் தொழில் பழகியவர். பழுது பார்க்குங்கால் நாள்தோறும் மாலையில் யானும் சென்று பலகையொன்றில் அமர்ந்திருப்பேன். எழுபதை நெருங்கும் அவர் ஆசிரியர். ஐம்பது கடந்த யான் மாணாக்கன்.

முதல் நாள் யான் கேட்ட கேள்வி, பெரும்பாலோர் மனத்தில் உள்ளதே. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. தொட்டால் உயிர் போகும். வண்டியின் பற்றரியோ 12 வோல்ற்று. இரு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டாலும் உணர்ச்சியே இராது. இத்தகைய சாதுவான பொருள் எங்ஙனம் வண்டியை எரிக்கும்?

அவர் சுண்ணக்கட்டியால் நிலத்திற் கணக்கெழுதினார். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் வருவது அம்பியர். 60 வாற்று விளக்கு வீட்டில் கால் அம்பியர் அளவே இழுக்கும். அதே 60 வாற்று விளக்கு வண்டியில் 5 அம்பியர் இழுக்கும். அழுத்தம் குறைந்தமையால் ஓட்டம் பெருகிற்று. கம்பியைச் சுடுவது அழுத்தமன்று, ஓட்டமே. அச்சூடும் ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல் என்ற ஆங்கிலேயர் 1840களின் தொடக்கத்தில் வெளியிட்ட விதி இது.

எங்கள் வண்டியில் பெருக்கிக் கருவி 120 வாற்று, விளக்கு மாலை 60 வாற்று. ஆகவே 10 அம்பியரும் 5 அம்பியருமாக 15 அம்பியர். அதனைச் சுமந்ததோ 5 அம்பியர் வரை செல்லத்தக்க ஒரு பழைய மெல்லிய கம்பி. அதற்கு முன் நின்ற உருகி 10 அம்பியருக்குரியது. அது இரு முறை அறுந்து, 'இச்சுமை தகாது' என்று எச்சரித்தது. எச்சரித்த வாயை நாம் செம்பால் அடைத்துவிட்டோம்.

அடைத்தபின் நிகழ்ந்தது இது: கம்பி ஒன்பது மடங்கு சூடேறிற்று. அதன் மேலுறையாகிய காவலி இளகிற்று. தகரத்தில் இட்ட துளையொன்றின் கூரிய விளிம்பில் கம்பி அழுந்திய இடத்தில், இளகிய உறை கிழிந்து, செம்பு தகரத்தைத் தொட்டது. வண்டியின் இரும்புடல் பற்றரியின் மறைமுனையோடு பிணைந்தது. ஆதலின் ஓட்டம் விளக்குக்கும் பெருக்கிக்கும் செல்லாமல், தொட்ட இடத்திலேயே குறுக்கு வழியில் திரும்பிற்று. இதுவே குறுஞ்சுற்று. அரைச் சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பியில் 3 மீற்றர் நீளத்தின் தடை பத்திலொரு ஓம் அளவே. 12 வோல்ற்றுப் பற்றரி அதனூடே 100 அம்பியர் வரை பாய்ச்சவல்லது. அப்போது பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 1,000 வாற்று. அதாவது ஒரு மின் இஸ்திரிக்கைப்பெட்டியின் சூடு முழுவதும் ஒரு நூலிழையில் ஏறியதற்கு ஒப்பு. கடத்தி சுட்டது, காவலி கரிந்தது, ஆளிக்கு ஆட்சி இல்லை, உருகி அங்கே இல்லை, சேர்ந்தாரைக்கொல்லி வந்தது. ஐந்து சொற்களின் இலக்கணமும் அன்று எனக்கு விளங்கிற்று.

வரவும் செலவும்

"முதலில் கணக்கு, பிறகு கம்பி" என்பது முதியவர் வாய்மொழி. வண்டியில் மின்சாரத்துக்கு வரவு, இயந்திரத்தோடு சுழலும் மின்பிறப்பாக்கி. பற்றரியோ சேமிப்பு. விளக்கு, ஊதி, வானொலி, விசிறி, கட்டண மீற்றர், தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி ஆகியன செலவு. முச்சக்கர வண்டியின் மின்பிறப்பாக்கி சிறியது. வண்டி பிறந்தபோது இருந்த விளக்குகளுக்கும் ஊதிக்கும் அளவாக அமைக்கப்பட்டது. நெரிசலில் நின்று நின்று செல்லும்போது அவ்வரவு இன்னும் குறையும். செலவு வரவை மிஞ்சினால் சேமிப்புக் கரையும். ஒரு நாள் காலையில் இயந்திரம் உயிர்க்காது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்து வருகின்றதன்றோ? ஒவ்வொரு சிறு விளக்கும் ஒரு மயிலிறகு என்று கொள்க.

ஆகவே, வண்டியிற் புதிதாக ஒன்றைப் பூட்ட விரும்புவோர் அதன் மேல் எழுதப்பட்ட வாற்று அளவைப் பார்த்து, 12 ஆல் வகுத்து, அம்பியரை அறிதல் வேண்டும். கம்பியின் தடிப்பை அதன் பின்னரே தெரிதல் வேண்டும். தடிப்போடு நீளமும் எண்ணத்தக்கது. 5 அம்பியர் இழுக்கும் முகப்பு விளக்கொன்றுக்கு, போகவும் வரவும் 6 மீற்றராக, அரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பியை இட்டால், வழியிலேயே 1 வோல்ற்று வரை தேய்ந்துவிடும். இழைவிளக்காயின் அதன் ஒளியில் நாலிலொரு பங்கு இவ்வாறு கம்பியைச் சுடுவதிலே வீணாகும். 'புதிய குமிழ் மங்கலாக எரிகிறது' என்று கடைக்காரரைக் குறைகூறுவோர் பலர். குறை குமிழில் இல்லை.

கம்பி வாங்குமிடத்தும் கண் வேண்டும். பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலும் நல்ல சரக்கும் உண்டு, மலிவான சரக்கும் உண்டு. செம்பு போன்று தோன்றும் சில கம்பிகள் உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சுமாக இருக்கும். முதியவர் பேனாக்கத்தியால் ஓரிழையைச் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெண்மை. செம்புக்கென எழுதிய அளவு இதற்குப் பொருந்தாது. தடை மிகுதி, வளைத்தால் ஒடிவதும் எளிது. பொன்னை உரைத்துப் பார்க்கும் நாம் செம்பையும் சுரண்டிப் பார்த்தல் நன்று.

உருகியின் இடமும் அளவும்

மின்னோட்டத்தின் வழியில் அறுந்துபோகும் மெல்லிய கம்பியை வைத்துக் காக்கும் எண்ணம் தந்திக் காலத்திலேயே தோன்றிற்று. மின்விளக்கு நகரங்களுக்கு வந்தபோது எடிசன் அதனைத் தம் விநியோக முறையில் அமைத்து, 1890 இல் காப்புரிமை பெற்றார். வாகனங்களில் மின்சாரம் பெருகியது அதன் பின்னர். 1912 இல் கடிலாக் கார் மின்னாற் கிளப்பும் பொறியோடு விற்பனைக்கு வந்தது. 1930 இல் அமெரிக்காவில் கல்வின் சகோதரர்கள் மோட்டறோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கினர். கடன் பெறும் நோக்கத்தோடு கல்வின் ஒரு வங்கியாளரின் காரில் வானொலியைப் பூட்டிக்கொடுத்தார் என்றும், அரை மணி நேரத்தில் அக்கார் தீப்பற்றிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. மெய்யோ புனைவோ, அக்கதை நின்று நிலைத்ததற்குக் காரணம், அது எங்கும் நிகழக்கூடியது என்பதே. வண்டியோடு பிறவாத கருவியை வண்டியிற் பூட்டும் இடர் அன்றே தொடங்கிவிட்டது.

1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரில் உருகிகள் இரண்டே. இன்றைய காரில் பல பத்து. 1976 இல் வழக்குக்கு வந்த, இரு கால்களையுடைய தட்டையான சிற்றுருகியே இன்று எங்கும் காணப்படுவது. அதன் நிறமே அதன் எண். 5 அம்பியர் மென்பழுப்பு, 7.5 கபிலம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமின்மை, 30 பச்சை. எழுத்தறியாதாரும் அறியத்தக்க இந்நிற மொழியை நம் பிள்ளைகள் பள்ளியிற் கற்பது தகும்.

உருகியைப் பற்றி யான் கொண்டிருந்த பெரும் பிழை ஒன்றையும் முதியவர் திருத்தினார். உருகி கருவியைக் காப்பது என்றே எண்ணியிருந்தேன். "இல்லை ஐயா, அது காப்பது கம்பியை" என்றார். அதனால் அதன் இடம் கருவியின் அருகிலன்று. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள். உருகிக்கும் பற்றரிக்கும் இடைப்பட்ட கம்பி காவலற்றது. அந்நீளம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு நன்று. கருவியின் அருகே உருகியை வைத்துவிட்டு, நடுவழியில் கம்பி தகரத்தைத் தொட்டால், உருகி ஒன்றும் அறியாமல் இருக்கக் கம்பி எரியும். வாயிற்காவலனை வாயிலில் நிறுத்தாமல் அடுக்களையில் நிறுத்தியது போலாம்.

அளவும் அவ்வாறே இரு கரைகளுக்கு இடைப்பட்டது. கருவி இழுப்பதைவிடச் சற்று மிகுதி. கம்பி தாங்குவதைவிடக் குறைவு. 5 அம்பியர் இழுக்கும் விளக்குக்கு 7.5 உருகி, அதற்கு மேலும் தாங்கவல்ல கம்பி. 10 இழுக்கும் பெருக்கிக்கு 15 உருகி; அதற்கேற்ற தடித்த கம்பி. உருகி அறுந்தால் அதே எண்ணுள்ள வேறொன்றை இடலாம். அதுவும் அறுந்தால் காரணம் தேடல் வேண்டும். 10 அறுந்தது என்று 20 இடுவதும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும், செப்பிழையை முறுக்குவதும் ஒன்றே. காய்ச்சல் மானியிற் பாதரசம் ஏறுகின்றது என்று மானியை உடைப்பவன் செயல் அது.

துளையும் முடிச்சும் களிம்பும்

பழுது பார்த்த வேலையை யான் கண்டவாறே கூறுகின்றேன். கையிலிருந்த மோதிரத்தையும் கடிகாரத்தையும் முதியவர் முதலிற் கழற்றினார். பின்னர்ப் பற்றரியின் மறைமுனையைக் கழற்றினார். ஏன் அது முதலில் என்றேன். மறைமுனை வண்டியுடலோடு பிணைந்திருக்க, நேர்முனையைக் கழற்றும் சாவி தவறி உடலைத் தொட்டால் அச்சாவியே குறுஞ்சுற்றாகும். மின்னேறிக்கொண்டிருக்கும் பற்றரி ஐதரசன் வாயுவை விடுவதுண்டு. அவ்விடத்தில் ஒரு பொறியும் ஆகாது. மறைமுனையை முதலிற் கழற்றிவிட்டால் அந்த அச்சமில்லை. பூட்டும்போது அது இறுதியிற் பூட்டத்தக்கது.

தகரத்தில் இட்ட ஒவ்வொரு துளைக்கும் இறப்பர் வளையம் இட்டார். வளையமில்லாத துளை, அதிர்ந்தோடும் வண்டியில், நாள்தோறும் சிறிது சிறிதாகக் கம்பியை அறுக்கும் வாள். புகைக்குழாயினின்றும் எரிபொருட்குழாயினின்றும் விலக்கிக் கம்பியை வழிப்படுத்தி, ஒரு சாணுக்கு ஒரு பிடியாகக் கட்டினார். கம்பியோடு கம்பியை வெறுமனே முறுக்கி நாடா சுற்றவில்லை. வெப்பத்தில் நாடாவின் பசை இளகி அவிழும் என்றார். செப்புக் குழலிட்டு நெரித்து, மேலே சுருங்கும் உறை போர்த்தினார். முகப்பு விளக்கு, தடுப்பு விளக்கு ஆகியவற்றின் கம்பிகளை அவர் தொடவேயில்லை. புதிய கருவியின் பிழையால் பழைய காவல் விளக்கு இருளக்கூடாதன்றோ?

கடலோரமாகிய வெள்ளவத்தையில் ஓடும் வண்டிகளுக்கு வேறொரு நோயும் உண்டு. உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பூக்கும். களிம்பேறிய இடத்தில் தடை கூடும். தடை கூடிய இடம் சுடும். செம்பும் களிம்பும் சைவ சித்தாந்தம் பயின்றோர்க்குப் பழகிய உவமை. ஆன்மாவை மலம் பற்றியிருப்பதற்கு அதனையே காட்டுவர். அவ்வுவமையை முப்பது ஆண்டாக வகுப்பிற் சொல்லி வந்த யான், மெய்யான களிம்பை மெய்யான செம்பிற் கண்டது அன்றே. முதியவர் அதனைத் தேய்த்துத் துலக்கி, முனையைப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினார்.

ஆளியைப் பற்றியும் ஒரு சொல். கைக்கெட்டும் சிறிய ஆளியின் வழியே பேரளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால் அவ்வாளியின் முனைகள் கருகும். ஆதலின் ரிலே என்னும் இடைக்கருவியைப் பொருத்துவர். ஆளி அதற்குச் சிற்றளவு மின்னை அனுப்பும். அதிலுள்ள மின்காந்தம் விழித்துப் பெரிய வாயிலைத் திறக்கும். அரசன் தானே கோட்டைக் கதவைத் தள்ளுவதில்லை. ஆணை செல்கின்றது, கதவு திறக்கின்றது. அந்த ஆணையையும் திறப்புக்குப் பின் உள்ள கம்பியிலிருந்து எடுத்தால், திறப்பைக் கழற்றியதும் கருவிகள் யாவும் உறங்கும். எங்கள் வண்டியில் இருந்திருக்கவேண்டியது இதுவே.

இறுதியில் விளக்கு மாலையை நீக்கி, 12 வாற்று மட்டும் கொள்ளும் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை இட்டார். செலவு 1 அம்பியர். ஒலிபெருக்கியை அவர் மீளப் பூட்டவில்லை. "வேண்டுமானால் அதற்கு வேறொரு பற்றரி கொண்டு வாருங்கள், இந்தச் சிறிய வண்டியின் வயிற்றிலடித்து உங்கள் விழா நடக்க வேண்டாம்" என்றார். அவர் என்னைக் கடிந்தது அந்த ஒரு முறையே.

அலங்காரமும் அதன் அகமும்

இலங்கையிற் பதிவு பெற்ற முச்சக்கர வண்டிகளின் தொகை 10 இலட்சத்தைத் தாண்டும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே மீண்டும் மீண்டும் பழுது பார்க்கப்பட்டு ஓடின. பழைய கம்பியின் மேல் புதிய கருவி ஏறிற்று. வாடகைச் செயலிக்காகத் தொலைபேசி எந்நேரமும் மின்னேற வேண்டும். வெயிலுக்கு விசிறி வேண்டும். நாள் முழுதும் இருக்கையில் வாழ்பவனுக்குப் பாட்டு வேண்டும். இவற்றை ஆடம்பரம் என்று இகழ்தல் எளிது. வண்டியே ஒருவனுக்குக் கடையும் திண்ணையும் ஆகும்போது, அதில் ஒரு விளக்கேற்றி அழகு பார்க்க விரும்புதல் மனித இயல்பு.

2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' என்னும் அரச வேலைத்திட்டத்தையொட்டி, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள அனுமதியற்ற அலங்காரங்களையும் துணைக் கருவிகளையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினர். சங்கங்கள் எதிர்த்தன, பின்னர் அவகாசம் வழங்கப்பட்டது. யான் கேட்ட வாதங்களெல்லாம் வெளியே தெரியும் விளக்கையும் ஒட்டுப்படத்தையும் பற்றியனவாகவே இருந்தன. தகரத்தின் பின்னே ஓடும் கம்பியைப் பற்றி எவரும் பேசக் கேட்டிலேன். கழற்றச் சொல்வோரும், கழற்ற மறுப்போரும் ஒருகணம் உள்ளே நோக்கல் வேண்டும். சட்டத்துக்கு மாறான விளக்கை நீக்குதல் கடமை. சட்டம் இசைந்த விளக்கையும் முறைப்படி பூட்டுதல் அதனினும் பெரிய கடமை.

இதில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. நம் மாணாக்கர் ஓமின் விதியைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதுகின்றனர். அதே மாணாக்கர் பின்னாளில் வண்டி வாங்கித் தொழிலிடத்தில் நிற்கும்போது, அவ்விதி அவர்க்கு உதவுகின்றதா? உதவவில்லையாயின் குறை விதியிலன்று. என் மாணாக்கன் அன்று மாலை தொலைபேசியில் 'ஏதோ பிழை இருக்கவேண்டும்' என்றானே, அதுவே நல்ல மாணாக்கனின் வாக்கு. அதனைக் கேட்டு நிறுத்தவேண்டிய ஆசிரியன் யான், 'எப்படியாவது' என்றேன்.

தவறிய தவணையை யான் கட்டினேன். அவன் ஏற்க மறுத்து, தாயின் சொல்லுக்காகவே பின்னர் இசைந்தான். இன்றும் சிலபோது அவ்வண்டியில் கல்லூரிக்குச் செல்வதுண்டு. இருக்கையின் கீழே பற்றரியின் அருகில் ஒரு சிறிய உருகிப்பெட்டி இருக்கின்றது. மாதம் ஒரு முறை அதனைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னான். சென்ற வாரம் ஓர் உருகி அறுந்ததாம். வண்டியை ஓரத்தில் நிறுத்தி, எனக்குச் செய்தி அனுப்பினான்: "ஐயா, காரணம் பார்த்துவிட்டு வருகிறேன். பதினைந்து நிமிடம் பிந்தும்."

பாடம் தொடங்கப் பிந்திற்று. மாணாக்கர் காத்திருந்தனர். ஏன் பிந்தினேன் என்பதையே அன்றைக்குப் பாடமாக நடத்தினேன்.